பைக் செயினில் எண்ணெய் எங்கே போய்ச் சேர வேண்டும்?

கேட்கப்பட்டது இதுதான்: ஒரே மாடல் பைக் இரண்டு, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாங்கியவை. என்னுடையதில் செயின் 12,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். நண்பருடையது 25,000 தாண்டியும் ஓடுகிறது. ஒரு மெக்கானிக் பழைய இன்ஜின் ஆயிலே போதும் என்கிறார், இன்னொருவர் மூட்டுகளில் ரப்பர் வளையம் போட்ட ஓ-ரிங் செயினுக்கு எண்ணெயே தேவையில்லை என்கிறார். எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எப்படிப் போடுவது?

ஒரே பைக்கில் செயின் ஆயுள் இரண்டு மடங்கு வித்தியாசப்படுவது அபூர்வமே இல்லை. பைக்கில் உள்ள பொருட்களில் நம் கை படுவதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் பொருள் செயின்தான். ஆனால் எண்ணெய் போடுகிறவர்களில் பாதிப்பேர் அது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வெளியே மட்டும் பூசிவிடுகிறார்கள். அதனால் முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் எந்த எண்ணெய், எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும்.

தேய்ந்துபோன செயின் ஒன்று கிடைத்தால் ஒரு கண்ணியைத் தட்டிப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வெளிப் பிளேட்டுகளை இணைத்து நடுவே ஒரு சிறிய எஃகுத் தண்டு இருக்கும். அந்தத் தண்டு ஒரு குழாய்க்குள் நுழைந்திருக்கும், அதற்குப் பெயர் புஷ். புஷ்ஷின் மேல் இன்னொரு குழாய் தளர்வாகச் சுற்றும், அதுதான் ரோலர். செயினை ஓட்டும் பல்சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட், அதன் பல்லில் உட்காருவது ரோலர். செயின் வளையும்போது தண்டு புஷ்ஷுக்குள் திரும்புகிறது. தேய்ந்த தண்டைத் துடைத்துவிட்டு நகத்தால் குறுக்கே உரசிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் நகம் தடுக்கும். புஷ்ஷுக்குள் உரசி உரசி அந்தப் பக்கத்தில் ஒரு படி விழுந்திருக்கும். பல செயின்களில் அந்த இடத்திலிருந்து செங்கல் பொடி போல ஒரு தூளும் உதிரும். அது எண்ணெய் இல்லாமல் உரசித் துருவேறிய இரும்பு.

செயின் நீளுவதற்குக் காரணம் அந்தப் படிதான். 'செயின் இழுபட்டு நீண்டுவிட்டது' என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம், ஆனால் பிளேட்டுகள் இழுபடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். சிறிய பைக்குகளில் அதிகம் வரும் 428 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டிலும் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால், அதாவது இரண்டு மூன்று காகிதத்தின் தடிமன் அளவு, 120 கண்ணிகள் உள்ள செயின் மொத்தம் 30 மில்லிமீட்டர் நீண்டுவிடும். கிட்டத்தட்ட 2 சதவீதம். அந்தச் செயினின் காலம் அங்கேயே முடிந்தது.

இப்போது ஒரு கணக்கு. பின்சக்கரச் சுற்றளவு 1.9 மீட்டர், பின் ஸ்ப்ராக்கெட்டில் 44 பல், செயினில் 120 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் போனால் சக்கரம் சுமார் 526 தடவை சுற்றும், செயின் முழுவதுமாகச் சுமார் 193 தடவை சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூட்டு முன் ஸ்ப்ராக்கெட்டில் வளைந்து நிமிரும், பின் ஸ்ப்ராக்கெட்டிலும் வளைந்து நிமிரும், ஆக நாலு அசைவு. கிலோமீட்டருக்குச் சுமார் 770. 500 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு மூட்டும் ஏறக்குறைய நாலு லட்சம் தடவை அசைந்திருக்கும், அதுவும் இன்ஜினின் இழுவையைத் தாங்கிக்கொண்டு. அந்த நாலு லட்சம் அசைவும் எண்ணெய்ப் படலத்தின் மேல் நடந்ததா, காய்ந்த இரும்பின் மேல் நடந்ததா என்பதுதான் 12,000-க்கும் 25,000-க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு.

இனி ஓ-ரிங் விஷயம். சாதாரணச் செயினில் தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய் வெளியிலிருந்துதான் போயாக வேண்டும். ஓ-ரிங் செயினில் தொழிற்சாலையிலேயே அந்த இடத்தில் கிரீஸ் வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு அடைத்துவிடுகிறார்கள். எக்ஸ்-ரிங் என்பதும் இதே வேலையைச் செய்வதுதான். வளையத்தின் குறுக்குவெட்டு எக்ஸ் வடிவில் இருப்பதால் உரசல் குறைவு, அடைப்பு இன்னும் நன்றாக இருக்கும். உங்களுடையது எது என்று தெரிய வேண்டுமானால், செயினை மேலிருந்து பார்த்து உள் பிளேட்டுக்கும் வெளிப் பிளேட்டுக்கும் இடையே உள்ள சந்தில் டார்ச் அடியுங்கள். கறுப்பு ரப்பர் தெரிந்தால் ஓ-ரிங் வகை.

உள்ளே கிரீஸ் இருக்கிறதே, பிறகு எதற்கு எண்ணெய் என்பது நியாயமான கேள்வி. மூன்று காரணம் இருக்கிறது. ரப்பர் வளையம் காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி மழைத்தண்ணீர் உள்ளே போகும். அடுத்து, ரோலருக்கும் புஷ்ஷுக்கும் இடையே எந்த அடைப்பும் கிடையாது, அங்கே எண்ணெய் நாம் கொடுத்தால்தான் உண்டு. கடைசியாக, பிளேட்டுகளும் ரோலர்களும் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு படலம் வேண்டும். எனவே எண்ணெயே தேவையில்லை என்ற பேச்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சாதாரணச் செயினை விடச் சற்றுத் தாமதமாகப் போட்டாலும் தாங்கும், அவ்வளவுதான்.

எந்த எண்ணெய்? என் முதல் தேர்வு 80 அல்லது 90 கிரேடு கியர் ஆயில். பல பைக் நிறுவனங்கள் தங்கள் கையேட்டிலேயே இதைக் குறிப்பிடுகின்றன. கெட்டியானது, சந்துக்குள் நன்றாக இறங்கும், ரப்பருக்குக் கெடுதல் இல்லை. குறை ஒன்றுதான்: அதிகமானால் சக்கரத்தின் மேல் தெறிக்கும். செயின் ஸ்ப்ரே இதைவிட வசதி. அதில் எண்ணெயோ மெழுகோ மெல்லிய திரவத்தில் கரைந்திருக்கும். அடித்ததும் தண்ணீர் மாதிரி உள்ளே ஓடி, திரவம் ஆவியானபின் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். டப்பாவின் மேல் ஓ-ரிங் செயினுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். புழுதியில் அதிகம் ஓட்டுகிறவர்களுக்கு மெழுகு வகை நல்லது, தூசி அவ்வளவாக ஒட்டாது. மழையில் அதிகம் ஓட்டுகிறவர்களுக்குப் பிசுபிசுப்பான வகைதான் கழுவிப்போகாமல் நிற்கும்.

பழைய இன்ஜின் ஆயிலை நான் ஒரு நாளும் பரிந்துரைக்க மாட்டேன். இன்ஜினிலிருந்து வடித்த எண்ணெயில் கரி இருக்கிறது, நுண்ணிய உலோகத் துகள் இருக்கிறது, எரிபொருள் எரிந்ததில் உண்டான அமிலமும் இருக்கிறது. ஓர் இயந்திரத்திலிருந்து அழுக்கு என்று வெளியே எடுத்ததை இன்னொரு தேயும் பாகத்தில் ஏன் ஊற்ற வேண்டும்? புது இன்ஜின் ஆயில் அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் மெல்லியது, சீக்கிரம் தெறித்துப் போய்விடும். வெளியே அப்பும் கிரீஸ் இன்னொரு பெரிய தவறு. பார்க்க வளமாக இருக்கும், ஆனால் கெட்டியாக இருப்பதால் மூட்டுக்குள் இறங்காது. வெளியே நின்றபடியே மணலையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை அரைக்கும். டபிள்யூடி-40 என்று பொதுவாக விற்கும் நீல மஞ்சள் டப்பா தண்ணீரை விரட்டவும், இறுகியதை இளக்கவும் உதவும், ஆனால் செயினில் நிற்கும் அளவுக்கு அதில் எண்ணெய்ப் பசை கிடையாது. அதைத் துடைக்கப் பயன்படுத்தினால் முடிந்தபின் தனியாக எண்ணெய் போட்டே ஆக வேண்டும்.

சுத்தம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நானும் ஒரு செயினை இழந்தேன். பல வருடங்களுக்கு முன், கறுப்பு அழுக்கு கட்டியாகப் படிந்திருந்த ஓர் ஓ-ரிங் செயினைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். புதுசு மாதிரி இருந்தது. மூன்று மாதத்தில் ஏழெட்டு மூட்டுகளில் செந்தூள் தெரிய ஆரம்பித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடங்களில் ரப்பர் வளையம் பாதி அறுந்தோ, காணாமலோ போயிருந்தது. கம்பி முனைகள் சந்துக்குள் புகுந்து அறுத்திருக்கின்றன. வெளி அழகு மிஞ்சியது, உள்ளே இருந்த கிரீஸ் போய்விட்டது. அன்றிலிருந்து மென்மையான நைலான் பிரஷ் மட்டும்தான், அதுவும் அழுத்தாமல்.

கழுவ மண்ணெண்ணெய் போதும். பல செயின் தயாரிப்பாளர்களே அதைத்தான் சொல்கிறார்கள். பெட்ரோல் வேண்டாம். ரப்பரைக் கெடுக்கும் அபாயம் ஒரு பக்கம், அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் அபாயம் இன்னொரு பக்கம். உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயைச் செயினுக்கு நேராகப் பிடிப்பதும் வேண்டாம், அந்த வேகத்தில் தண்ணீர் வளையத்தைத் தாண்டி உள்ளே போய்விடும், போனது வெளியே வராது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, விடாப்பிடி அழுக்கு இருந்தால் பிரஷ் போட்டு, பிறகு காய்ந்த துணியால் முழுவதும் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஊறப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவை எண்ணெய் போடும்போதும் இந்த முழுச் சடங்கும் தேவைப்படாது. சாதாரணமாகத் துணியால் நன்றாகத் துடைப்பதே போதும். இரண்டு மூன்று தடவைக்கு ஒருமுறை முழுசாகக் கழுவுங்கள்.

எண்ணெய் போட நல்ல நேரம் ஓட்டிவிட்டு வந்தவுடன். செயின் இளஞ்சூடாக இருக்கும், அந்தச் சூட்டில் எண்ணெய் இளகி உள்ளே இறங்கும். கிளம்புவதற்கு முன் அவசரமாக அடித்துவிட்டு ஓடுவதுதான் பலருடைய பழக்கம். அப்படிப் போட்டதில் பெரும்பகுதி முதல் இரண்டு கிலோமீட்டரில் சக்கரத்தின் ரிம்மில்தான் இருக்கும். இரவு போட்டுவிட்டுக் காலையில் ஓட்டுவது மிக நல்லது, முடியாவிட்டால் அரைமணி நேரமாவது விடுங்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், இதில் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, தானாகச் சுற்றும் செயினில் துணி பிடித்துத் துடைக்கவோ எண்ணெய் போடவோ கூடாது. துணியின் ஓரம் ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. விரல் போனவர்கள் நிறைய இருக்கிறார்கள். இன்ஜின் நின்றிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். கையால் சுற்றும்போதுகூட விரலைச் செயினும் பல்லும் சேரும் இடத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மெயின் ஸ்டாண்டு இருந்தால் வேலை சுலபம். செயினின் கீழ் ஓட்டத்தில், அதாவது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே கீழாக ஓடும் பகுதியில், பின் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சற்று முன்னால், உள்பக்கத்தில், அதாவது மேலே பார்த்திருக்கும் பக்கத்தில் எண்ணெய் போடுங்கள். செயின் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும்போது வேகம் எண்ணெயை வெளிப்பக்கமாகத் தள்ளும். உள்ளிருந்து வெளியே போகிற வழியில் மூட்டுகள் முழுவதும் நனையும். வெளிப்பக்கத்தில் போட்டால் மூட்டை எட்டாமலே பறந்துவிடும். குறிபார்க்க வேண்டிய இடம் பிளேட்டுகளின் முகம் இல்லை. உள் பிளேட்டும் வெளிப் பிளேட்டும் சேரும் சந்து, இரண்டு பக்கமும். அதோடு ரோலரின் இரண்டு ஓரங்கள். கியர் ஆயில் என்றால் நுனி குறுகிய சிறு பாட்டிலிலோ ஊசி கழற்றிய சிரிஞ்சிலோ எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடலாம். சந்து ஒன்றுக்கு ஒரு சொட்டு. முழுச் செயினுக்கும் சேர்த்து 15 மில்லிக்குள் முடிந்துவிடும்.

சக்கரத்தை எத்தனை தடவை சுற்றுவது என்று பலருக்குக் குழப்பம். 120 கண்ணியை 44 பல்லால் வகுத்துப் பாருங்கள், மூன்றுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கத்துச் சந்துக்கு மெதுவாக மூன்று சுற்று, மறுபக்கத்துக்கு மூன்று, ரோலர்களுக்கு மூன்று. முடிந்ததும் சும்மா பத்துப் பதினைந்து தடவை சுற்றிவிட்டால் எண்ணெய் உள்ளே நகரும். சைடு ஸ்டாண்டு மட்டும் உள்ள பைக்கில் சாக்பீஸால் ஒரு கண்ணியில் அடையாளம் வைத்து, தெரியும் பகுதிக்குப் போட்டு, பைக்கைக் கொஞ்சம் தள்ளி, அடுத்த பகுதிக்குப் போட்டு, அடையாளம் திரும்ப வரும்வரை தொடருங்கள். பொறுமை வேண்டும், ஆனால் பலன் ஒன்றுதான்.

அரைமணி நேரம் கழித்துச் செயினைத் துணியால் பிடித்து வெளியே இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். போட்டதை ஏன் துடைக்க வேண்டும் என்று மனம் வராது. வேலை செய்கிற எண்ணெய் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. வெளியே வழிவது தூசி பிடிக்கவும் டயரில் தெறிக்கவும்தான். டயர் ஓரத்தில் எண்ணெய் பட்டால் வளைவில் சாயும்போது சக்கரம் வழுக்கும், பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. ஸ்ப்ரே அடிக்கும்போது பின்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? சாதாரணச் செயினுக்கு 300 முதல் 500, ஓ-ரிங் செயினுக்கு 500 முதல் 1,000. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆனால் மீட்டரை விடச் செயினைப் பார்ப்பதை நான் நம்புகிறேன். மழையில் நனைந்தால் கிலோமீட்டர் கணக்கு செல்லாது, அன்றே துடைத்து எண்ணெய் போட வேண்டும். கடற்காற்று படும் இடங்களில் நிறுத்தி வைத்த பைக்கிலும் செயின் துருப்பிடிக்கும். ரோலரை விரலால் தொட்டால் லேசான பிசுபிசுப்பு இருக்க வேண்டும். வெள்ளையாக, காய்ந்து, பளபளவென்று இருந்தால் நேரம் கடந்துவிட்டது. மெதுவாகத் தள்ளும்போது கிறீச் என்ற சத்தம் வந்தாலும் அப்படியே.

முழுமையாக மூடிய செயின் கவர் உள்ள பைக்குகளில் செயின் நீண்ட நாள் வருவதற்குத் தூசியும் தண்ணீரும் உள்ளே போகாததுதான் காரணம். கண்ணில் படாததால் மறந்துபோவதும் அங்கேதான். கவரில் ரப்பர் மூடி இருந்தால் கழற்றிப் பார்த்து, அதன் வழியாகவே எண்ணெய் விடலாம்.

எண்ணெய் மட்டும் சரியாக இருந்து செயின் டைட் தவறாக இருந்தாலும் ஆயுள் பாதியாகும். உங்கள் நண்பரின் செயினையும் உங்களுடையதையும் ஒப்பிடும்போது இதையும் பார்க்க வேண்டும். கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால், பல சிறிய பைக்குகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு இருக்க வேண்டும். சஸ்பென்ஷன் மேலும் கீழும் அதிகம் அசையும் பைக்குகளில் இன்னும் அதிகம். சரியான அளவு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும். தொய்வு அதிகமானால் செயின் அடிக்கும், சத்தம் வரும், நமக்கே தெரிந்துவிடும். அதிகமாக முறுக்கியது சத்தம் போடாமல் கெடுக்கும். ஆள் உட்கார்ந்து பின்சக்கரம் மேலேறும்போது பெரும்பாலான பைக்குகளில் செயின் இன்னும் இறுகும், அந்த இறுக்கத்தில் மூட்டுகளின் எண்ணெய்ப் படலம் பிதுங்கிப்போகும், கியர்பாக்ஸ் பேரிங்கும் சேர்ந்து அடிவாங்கும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் தொய்வும் ஓரிடத்தில் இறுக்கமும் இருந்தால் செயின் சமமில்லாமல் தேய்ந்திருக்கிறது. அப்போது மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான் அளவு வைக்க வேண்டும், புதுச் செயினுக்கும் தயாராகிக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் பைக்கில் என்ன செய்வது என்று சொல்கிறேன். செயின் தேய்ந்துவிட்டது என்று யாரோ சொன்னதை வைத்து மாற்றிவிடாதீர்கள், அளந்து பாருங்கள். கீழ் ஓட்டத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு தண்டின் மையத்திலிருந்து 21-வது தண்டின் மையம் வரை ஸ்கேல் வையுங்கள், அது 20 கண்ணி. 428 செயின் புதிதாக இருந்தால் 254 மில்லிமீட்டர் வரும். 259-ஐத் தொட்டால் மாற்ற வேண்டியதுதான். பெரிய பைக்குகளின் 520 செயினில் புதிது 317.5, சுமார் 323-இல் முடிந்துவிடும். உங்கள் கையேட்டில் இதைவிடக் குறைந்த வரம்பு இருந்தால் அதுதான் கணக்கு. ஸ்கேல் இல்லாவிட்டால் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்துப் பின்பக்கமாக இழுங்கள். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் அதுவும் அதே பதில்.

மாற்றுவதானால் முழுச் செயின் செட்டாக மாற்றுங்கள், அதாவது இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து. நீண்ட செயினோடு ஓடிய பற்கள் கொக்கி போல வளைந்திருக்கும், புதுச் செயினை அதில் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதையும் தனக்கேற்பத் தேய்த்துவிடும். கிளிப் வைத்து இணைக்கும் செயின் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், அது இயல்பு. 500 கிலோமீட்டர் ஆனதும் தொய்வை ஒருமுறை அளந்து, அன்றே முதல் எண்ணெயையும் போட்டுவிடுங்கள்.